பதினோரு வேட்டு

பாறை முகப்பில் பன்னிரண்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் தோட்டாவைச் செருகி, மரக்கோலால் களிமண்ணைக் கிட்டித்து, திரிகளைப் பற்றவைத்துவிட்டு ஆட்கள் சுரங்கவழியின் திருப்பத்துக்கு அப்பால் வந்து ஒதுங்கி நிற்பார்கள். பேச்சு நின்றிருக்கும். முதல் வேட்டு காதில் விழும் அதே நொடியில் காலடிப் பாறையிலும் தெரியும். அங்கிருந்து எண்ணிக்கை தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டும் வந்துவிட்டால் புகை வெளியேறும்வரை காத்திருப்பதோடு சரி. பதினொன்றோடு நின்றுவிட்டால் அன்றைய வேலை முறையே மாறிவிடும். ஒரு தோட்டா உள்ளே கிடக்கிறது. அது செத்துவிட்டதா, திரி இன்னும் மெல்லப் புகைந்துகொண்டிருக்கிறதா என்பதை வெளியே நிற்கிற யாராலும் சொல்ல முடியாது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கலாமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. குறித்த நேரம் கழியாமல் ஒருவரும் முகப்புப் பக்கம் போகக் கூடாது. போன பிறகும் அந்த ஓட்டையைக் கிளறக் கூடாது. சற்றுத் தள்ளி, அதற்கு இணையாகப் புதிதாக ஒன்று துளைத்து வெடித்துத்தான் பழையதைத் தீர்க்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் இந்த எண்ணிக்கை தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியை எடுத்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ் பேசியவர்கள், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆழத்தின் ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவர் மருந்து கிட்டித்துத் திரி வைத்துச் சத்தத்தை எண்ணியதால் கிடைத்தது.

தமிழில் பாறைக்கு வைக்கும் வெடிக்கும் தோட்டா என்றுதான் பெயர். துப்பாக்கியில் போடுவதற்கும் தோட்டா என்றுதான் பெயர். இரண்டின் அமைப்பும் ஒரே வழியில் போகிறது. சின்னத் தட்டல் அல்லது சின்னப் பொறி. அது எழுப்பும் சின்ன வெடி. அது கிளப்பும் பெரிய வெடி. சுரங்கத்தில் பொறியை ஏற்பது கேப்பு எனப்படும் சிறு வெடிக்குப்பி. ரைஃபிள் தோட்டாவின் அடிப்பாகத்தில் இருப்பது தட்டினால் பற்றிக்கொள்ளும் ஒரு துளி ரசாயனக் கலவை. ட்ரிகரை அழுத்தினால் ஊசி போய் அதைத் தட்டும், அது உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும், மருந்து வாயுவாகி ஈயக் குண்டைக் குழலுக்குள் தள்ளும். எல்லாம் சரியாக நடந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

எல்லாம் சரியாக நடக்காத நாளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். புதிதாக ரைஃபிள் பிடிக்கும் ஒருவர் ட்ரிகரை அழுத்துகிறார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, வெடிக்கவில்லை. அப்போது கை தானாகச் செய்யப் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். துப்பாக்கியைத் திருப்பி, என்ன ஆயிற்று என்று பார்ப்பது. தீபாவளியன்று நமுத்துப்போன வெடியைக் குனிந்து பார்க்கும் பிள்ளையின் ஆர்வம்தான் அது. ஈரம் பட்ட மருந்தோ மந்தமான கலவையோ தாமதமாகப் பற்றிக்கொள்ளக்கூடும். அதனால் பயிற்சிக் களங்களில் சொல்லித்தரப்படுவது இது: முனை இலக்கின் பக்கமே இருக்கட்டும், தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் தொடாதே, குறைந்தது 30 விநாடி காத்திரு, கையை உயர்த்திப் பொறுப்பாளரைக் கூப்பிடு. சுரங்கத்தில் பதினோரு சத்தம் கேட்டவர்கள் திருப்பத்துக்குப் பின்னால் நின்றதும், இங்கே 30 விநாடி அசையாமல் இருப்பதும் ஒரே அறிவிலிருந்து பிறந்தவை. வெடித்து முடிந்த தோட்டாவைவிட வெடிக்காத தோட்டாவிடம் கூடுதல் மரியாதை வேண்டும்.

தங்கவயலில் ரைஃபிளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அது வேறு கைகளில் இருந்த வரலாறு. பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வே, தோட்டம், சுரங்கம் என்று ஐரோப்பியர் கூடி வாழ்ந்த இடங்களில் எல்லாம் வாலண்டியர் ரைஃபிள் படைகள் உருவாயின. தங்கவயலிலும் ஒன்று இருந்தது. 1917-இல் இப்படைகள் இந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்க்கப்பட்டன. 1920-இல் துணைப்படைச் சட்டம் வந்தபின் 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் பட்டாலியன்' என்ற பெயரில் அது தொடர்ந்தது. நாடு விடுதலை அடைந்ததும் துணைப்படை கலைக்கப்பட்டது. அதில் சேர முடிந்தவர்கள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமே. ஆக ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள் நடந்தன. தரைக்கு மேலே, துரைமார் ரைஃபிளை எப்படிப் பிடிப்பது, எப்போது சுடுவது, எப்போது நிறுத்துவது என்று அணிவகுப்பில் கற்றார்கள். தரைக்குக் கீழே, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு மருந்தைக் கையாளும் ஒழுக்கத்தை இருட்டில் கற்றார்கள். இந்த இரண்டாவது பள்ளிக்கு விருதோ பதக்கமோ கிடையாது. வெடிமருந்தை அறிந்து நடந்தவர்கள் என்று யாரையாவது பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் அந்தத் தொழிலாளர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்த ஊருக்குத் துப்பாக்கி முனையின் திசை என்பது வெறும் பாடப்புத்தக விஷயமாக இருந்ததில்லை. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளில் செங்கொடிச் சங்கத்தார் இன்றும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இன்றைய தமிழ் வாசகருக்கு ரைஃபிள் முதலில் அறிமுகமாகும் இடம் வேறு. மாரியம்மன் திருவிழாவில், பஜ்ஜிக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள். கடைக்காரர் குழலை மடக்கி, அதன் வாயில் ஒரு ஈய ரவையைச் செருகி, 'டக்'கென்று நிமிர்த்திக் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தவர் அரிது. பலூன் வெடித்ததும் வாங்கியவர் சிரித்துக்கொண்டே பின்னால் திரும்புவார். துப்பாக்கியும் கூடவே திரும்பும். பின்னால் தம்பியின் முகம், அம்மாவின் இடுப்பில் குழந்தை. இடைப்பட்ட நேரத்தில் கடைக்காரர் அடுத்த ரவையைப் போட்டிருக்க மாட்டார்தான். ஆனால் அந்தக் கை எதைப் பழகிக்கொண்டது என்பதுதான் கேள்வி. காலியான துப்பாக்கியை எப்படித் திருப்புகிறதோ அப்படித்தான் நிரப்பிய துப்பாக்கியையும் அந்தக் கை திருப்பும். மூளை 'இது காலி, இது காலியில்லை' என்று தனித்தனியாக இரண்டு பழக்கங்களை வைத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் உலகெங்கும் துப்பாக்கி சொல்லித்தருகிறவர்கள் பிடிவாதமாக ஒன்றைச் சொல்கிறார்கள்: கையில் எடுக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் நிரப்பியதுதான், நீயே திறந்து பார்க்கும்வரை. பார்த்த பிறகும் முனை மனிதர் பக்கம் போகக் கூடாது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது கொடுப்பவர் திறந்து காட்ட வேண்டும், வாங்குபவர் மறுபடி பார்க்க வேண்டும். தோட்டா அறையைக் கண்ணால் பார்ப்பது போதாது. வெளிச்சம் குறைந்த இடமானால் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்ப்பார்கள். 'இப்போதுதானே அவர் பார்த்தார்' என்ற வார்த்தைக்கு இங்கே மதிப்பு இல்லை.

விரல் விஷயத்தில் நம் நரம்புகளே நமக்கு எதிராக வேலை செய்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் எனோக்கா என்ற உடலியக்க அறிஞர், தசைகள் நம்மைக் கேட்காமல் சுருங்கும் சந்தர்ப்பங்களையும் அறியாமல் துப்பாக்கி வெடிப்பதையும் இணைத்து 2003-இல் எழுதினார். அவர் காட்டியவை மூன்று. திடீர்ச் சத்தத்தில் உடல் திடுக்கிடும்போது கை இறுகும். கால் இடறி உடல் சாயும்போது கை எதையாவது பற்றப் பார்க்கும். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: ஒரு கை பலமாக எதையாவது இறுக்கினால் மறு கையின் தசைகளும் தம் அளவில் இறுகுகின்றன. இதை வாசகர் இப்போதே பார்க்கலாம். வலது கையை மேசைமேல் தளர்வாக வைத்துக்கொண்டு, மூடி இறுகிய ஒரு ஊறுகாய் ஜாடியை இடது கையால் முழு பலத்தோடு இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். வலது விரல்கள் லேசாக அசைவது தெரியும். போட்டிகளில் பயன்படும் காற்று ரைஃபிளின் ட்ரிகர் நூறு கிராம் அழுத்தத்துக்கும் குறைவாக அமைக்கப்படுவது சாதாரணம்; அதாவது இரண்டு எலுமிச்சம்பழத்தின் எடை. இத்தனை மெல்லிய விசையின்மேல் விரல் காத்துக்கிடந்தால் இடது காலில் எறும்பு கடித்தாலும் வெடித்துவிடும். ஆகவே சுடப்போகும் கணம்வரை விரல் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே, கட்டையின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும்.

இவ்வளவு விதிகள் எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மனிதர் நூற்றில் ஒரு முறை தோட்டா அறையைப் பார்க்க மறக்கிறார். நூற்றில் ஒரு முறை முனையைக் கவனியாமல் திருப்புகிறார். நூற்றில் ஒரு முறை விரலைத் தவறான இடத்தில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தவறுகளானால், மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பது பத்து லட்சத்தில் ஒரு முறை. ஒற்றை விதியை நம்பியிருந்தால் நூற்றில் ஒரு முறை. விதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதன் லாபம் அவ்வளவு. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. களைத்துப்போனவரோ, குடித்தவரோ, நண்பர்கள் முன்னால் வீரம் காட்டுகிறவரோ மூன்று தவறுகளையும் சேர்த்தே செய்வார். அங்கே தவறுகள் தனித்தனியாக நடப்பதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் களத்தில் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார். 'ஸ்டாப்' என்ற ஒரு சொல் எழுந்தால் கேள்வி கேட்காமல் எல்லோரும் நிறுத்துகிறார்கள். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒற்றை மணி அடித்தால் நின்றாக வேண்டும். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்பதெல்லாம் நின்ற பிறகுதான்.

இனி, குழலை விட்டு வெளியேறும் குண்டிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பத்து மீட்டர் போட்டிக்கான காற்று ரைஃபிளின் ரவை அரை கிராமுக்குச் சற்றே அதிகம் எடையுள்ளது. விநாடிக்கு 170 மீட்டர் அளவில் பறக்கும். அதன் ஆற்றல் ஏழெட்டு ஜூல். என்.சி.சி. மாணவர்கள் முதலில் தொடும் பாயின்ட் டூ டூ ரைஃபிளின் குண்டு 2.6 கிராம், வேகம் 330 மீட்டர், ஆற்றல் 140 ஜூல். பட்டாலியன் காலத்துப் பிரிட்டிஷ் படைகளின் த்ரீ நாட் த்ரீ ரைஃபிளில் இது மூவாயிரத்தைத் தாண்டுகிறது. இவற்றில் ஆபத்து குறைந்ததாகத் தோன்றும் முதல் எண்ணிலேயே ஒரு கண் போய்விடும். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை என்பதும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. உரிமம் வேண்டாம் என்பதற்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டாம் என்று பொருள் கொள்ள முடியாது.

பாயின்ட் டூ டூ குண்டு உயர்த்திச் சுடப்பட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போய் விழும். இலக்கு 50 மீட்டரில் இருக்கிறது, சரி. குண்டுக்கு அது தெரியாது. அதனால் இலக்கைப் பார்ப்பதைவிட இலக்குக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பது முக்கியம். தங்கவயலில் சயனைடு மேடுகள் என்று அழைக்கப்படும் கழிவுமண் குன்றுகளைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு, இது இயற்கையாகவே அமைந்த குண்டுத் தடுப்பு என்று தோன்றலாம். அந்த நினைப்பு தவறு. குன்றின் உச்சிக்கு ஒரு விரல்கடை மேலே போன குண்டுக்கு எதிரே வானம்தான், அதற்கப்பால் யாருடைய வீட்டு ஓடோ. மழை அரித்த பள்ளங்களில் மாடு மேயும், பிள்ளைகள் குறுக்கே நடப்பார்கள். முறையான களத்தில் பின்தடுப்பு உயரமாகவும், குண்டை விழுங்கிக்கொள்ளும் மென்மையான மண்ணாகவும் இருக்கும். அல்லது குண்டைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும் சாய்ந்த எஃகுத் தகடாக இருக்கும். கருங்கல்லோ தேங்கிய தண்ணீரோ பின்னால் இருக்கக் கூடாது. குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, குண்டும் அப்படித்தான் போகும். எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது.

கோலார் தங்கவயலின் சுருக்கப் பெயரான கே.ஜி.எஃப். என்றதும் இன்று பலர் நினைவுக்கு வருவது 2018-இலும் 2022-இலும் வந்த இரண்டு கன்னடப் படங்கள். இரண்டாம் பாகத்தில் நாயகன் பெரிய இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தீர்த்துவிட்டு, சிவந்து கனன்ற குழலில் சிகரெட் பற்றவைப்பார். குழல் அப்படிச் சூடாகும் என்பது மெய். மருந்தின் ஆற்றலில் பெரும்பகுதி குண்டுக்குப் போவதில்லை, வெப்பமாகத்தான் போகிறது. திரையில் காட்டாதது அந்தச் சத்தம் காதுக்குள் செய்வதை. சின்ன பாயின்ட் டூ டூ ரைஃபிளே 140 டெசிபெல்லுக்கு அருகில் போகிறது. உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் சிதைந்தால் மறுபடி முளைப்பதில்லை. காற்றுத் துளைக்கருவியோடு வாழ்நாளைக் கழித்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்த இழப்பு நன்றாகவே தெரியும். காதடைப்பான் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

ரைஃபிள் என்ற பெயரே அதன் குழலுக்குள் இருக்கும் திருகுசுழி வரிகளிலிருந்து வந்தது. வெளிச்சத்தை நோக்கி வெறுங்குழலுக்குள் பார்த்தால் அந்த வரிகள் மினுங்கிச் சுழன்று போவது தெரியும். கழற்றிச் சுத்தம் செய்யும்போது மட்டும் பார்க்க வேண்டிய காட்சி அது. இந்த வரிகளின் அருமையை அறிவியலாகச் சொன்னவரின் வாழ்க்கை தமிழ்நாட்டில் முடிந்தது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742-இல் பீரங்கியியல் பற்றி ஒரு நூல் எழுதினார். தொங்கவிட்ட மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று நாடாவால் அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அதுவரை யாருக்கும் குண்டின் வேகம் சரியாகத் தெரியாது. அந்த நூலை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தவர் மாபெரும் கணிதமேதை ஆய்லர். ராபின்ஸின் இன்னொரு சோதனை இன்னும் அழகானது. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய தாள்களைத் தொங்கவிட்டுச் சுட்டார். தாள்களில் விழுந்த ஓட்டைகளைத் தொடர்ந்து பார்த்தால் குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு வலப்பக்கம் வளைந்திருந்தது. வளைந்த குழலின் சுவரை உரசியதால் உருண்டை சுழன்றது, அந்தச் சுழற்சி காற்றோடு சேர்ந்து அதை மறுபக்கம் இழுத்தது. அப்படியானால் கண்டபடி சுழலும் குண்டு கண்டபடி போகும். பயணத் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும் குண்டு நேராகப் போகும். 1747-இல் ராயல் சொசைட்டியில் வரிக்குழல் துப்பாக்கியின் மேன்மையை அவர் எடுத்துச் சொன்னார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். 1751 ஜூலையில் காய்ச்சலில் அங்கேயே இறந்தார்.

சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுதான் இதற்குள் இருக்கும் சூட்சுமம். வழக்கமான பாயின்ட் டூ டூ குழலில் வரி 40 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. 330 மீட்டர் வேகத்தில் அதைக் கடக்கும் குண்டு விநாடிக்கு 800 முறை சுழன்றபடி வெளியே வருகிறது.

அதே கடலூரில் 1999-இல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். அகமதாபாத்தில் வளர்ந்தார். 2019-இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் காற்று ரைஃபிளில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 ரவைகளில் அவர் எடுத்தது 630.7. சராசரி 10.51. இந்தப் போட்டியில் ஒரு ரவைக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 10.9. அப்படிச் சுட்டும் அவருக்குக் கிடைத்தது பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். பத்துக்குரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் தொட்டு வைத்த புள்ளி அளவு.

அந்தப் புள்ளியை நோக்கி ஒரு தொடக்கக்காரர் என்ன செய்ய வேண்டும்? முதல் நாள் ரவையே கிடையாது. நல்ல பயிற்சியாளர்கள் வெற்றுத் துப்பாக்கியைத்தான் கொடுப்பார்கள், அதையும் கிடைநிலையிலோ மணல்மூட்டைமேல் சாய்த்தோ. காரணம் எளிது. தசை களைக்கும், எலும்பு களைக்காது. துப்பாக்கியின் எடை முழங்கை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். தோள் தசையால் தூக்கிப் பிடித்தால் அரை நிமிடத்தில் நடுங்கும். நின்று சுடும்போதும் இடது முழங்கை இடுப்பெலும்பின்மேல் ஊன்றியிருக்கும். நிலை சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. குறிபார்த்தபடி கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பாதத்தை நகர்த்தி முழு உடலையும் திருப்ப வேண்டும். கையால் இழுத்த குறி, விசையை அழுத்தும் நொடியில் பழைய இடத்துக்கே திரும்பிப்போகும்.

குறிபார்க்கும்போது கண்ணுக்கு முன் மூன்று பொருள்கள் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன: கண்ணருகே துளை, குழல் நுனியில் வளையம், தொலைவில் கறுப்பு வட்டம். மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். தொடக்கக்காரர் எல்லோரும் இலக்கைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது நுனி வளையத்தை. இலக்கு கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும். இதன் கணக்கு வியப்பானது. பத்து மீட்டர் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். முக்கால் மீட்டர் நீளக் குழலின் நுனி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகினாலே ரவை அவ்வளவு தள்ளிப்போகும். அதாவது இரண்டு நோட்டுத் தாள்களின் கனம். இலக்கு மங்கலாவதால் வரும் பிழையைவிட, நுனி அசைவதைக் கவனிக்காததால் வரும் பிழை பன்மடங்கு பெரியது.

மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு ஏறி இறங்குகிறது, துப்பாக்கியும் கூடவே. மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுக்கும் முன் உடல் தானே எடுத்துக்கொள்ளும் சின்ன ஓய்வில்தான் சுட வேண்டும். ஆறேழு விநாடிக்குள் சுட முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் முறை. நேரம் போகப் போகப் பார்வை மங்கும், 'எப்படியாவது முடித்துவிடலாம்' என்ற அவசரம் கூடும். சுடாமல் இறக்கத் தெரிந்தவரைப் பார்த்தால் பயிற்சியாளருக்கு நம்பிக்கை பிறக்கும்.

விசையை இழுப்பது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். செய்ய வேண்டியது விரல் நுனியின் சதையால் நேர் பின்னோக்கிப் படிப்படியாக அழுத்துவது. பயிற்சியில் வெற்றுக் குழலின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுவார்கள். ஊசி தட்டிய பிறகும் நாணயம் விழாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் அது விழுந்துகொண்டே இருக்கும். பலருக்கும் காரணம் ஒன்றுதான்: வெடிக்கப்போகிறது என்று உடல் முன்கூட்டியே சுருங்குவது. சுட்டபின்னும் ஓரிரு விநாடி அசையாமல் அதே நிலையில் இருக்கச் சொல்வதும் இதனால்தான். ரவை குழலை விட்டுப் போக எடுக்கும் கணத்துக்குள் தலையைத் தூக்கினால் பலன் இலக்கில் தெரியும்.

குண்டு நேர்கோட்டில் போகிறது என்பதும் ஒரு மயக்கம். குழலை விட்ட கணமே அது விழத் தொடங்குகிறது, கையிலிருந்து நழுவிய கல் விழும் அதே வேகத்தில். பத்து மீட்டரைக் கடக்கும் ரவை ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. 50 மீட்டரில் பாயின்ட் டூ டூ குண்டு பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு. குறிபார்க்கும் துளையைத் திருகித் திருகி இந்த இறக்கத்துக்கு ஈடுசெய்கிறார்கள். திருகு இடம் மாறியிருந்தால் மனிதர் எவ்வளவு நன்றாகச் சுட்டும் பயன் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்ப்புக்காகச் சுட்ட ரவை நான்காம் வளையத்தில் போய் விழுந்தது. சற்று முன்புவரை பத்துகளாகச் சுட்ட அதே துப்பாக்கி. பதறாமல் திருகைத் திருத்திக்கொண்டு சுட்டார். கடைசி ரவை 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படி வந்தது. சற்று முன் சரியாக இருந்தது என்பதை நம்பி நேராக இறுதிச் சுற்றைத் தொடங்கியிருந்தால் அது வந்திருக்காது.

இளவேனிலும் பிந்த்ராவும் பயன்படுத்திய துப்பாக்கியில் மருந்தே கிடையாது. குழலுக்குக் கீழே உள்ள உருளையில் வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. விசை தட்டியதும் அளந்த ஒரு சிட்டிகை வெளியேறி ரவையைத் தள்ளுகிறது. தங்கவயலின் துளைக்கருவிகளை ஓட்டியதும் அழுத்தப்பட்ட காற்றுதான். அப்படிப்பட்ட கருவிகளுக்கு ஆறேழு மடங்கு அழுத்தம் போதும். உருளைக்கும் தேதி உண்டு. தயாரிப்பாளர் குறித்த ஆண்டுகள் கடந்தால், பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் அதில் காற்று நிரப்பக் கூடாது.

களத்தில் சுட்டு முடிந்ததும் சில வேலைகள் இருக்கின்றன. ஈயத்தைத் தொட்ட கையால் வடையைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்கு முன்பாக இன்னொன்று. போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலி என்று பார்த்து, அதற்குள் பளிச்சென்ற நிறமுள்ள ஒரு மெல்லிய கொடியைச் செருக வேண்டும். கொடி உள்ளே இருந்தால் போல்ட் மூடாது. தூரத்திலிருந்தே தெரியும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் வந்து நிற்பார்கள். இலக்குத் தாள்களை எடுக்கப் போக எல்லாருக்கும் அவசரம் இருக்கும். பொறுப்பாளர் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்தபடி நடப்பார். வரிசையில் பன்னிரண்டு துப்பாக்கி. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடிகளை எண்ணிக்கொண்டு போகிறவர் பதினொன்றில் நின்றால், ஒருவரும் கோட்டைத் தாண்ட மாட்டார்கள்.